மூன்று நாள் தொட்டி

என் அக்காள் புருஷன் ஒரு வக்கீல். குடியேற்ற வக்கீல். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து தங்க விரும்புகிறவர்களுக்கும், முன்னாலேயே வந்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைக்கத் துடிக்கிறவர்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். நீதிமன்றப் படியை அவர் மிதித்துப் பதினாறு வருஷமாகிறது. கறுப்புக் கோட்டு அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மழை நாளில் என் குடையை அதன் மேல்தான் மாட்டுவேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஒன்பது வருஷமாக நான் அவருக்குக் குமாஸ்தா. தட்டச்சு, தபால், போன், டீ எல்லாம் நான்தான். ஆகையால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிகூட அக்காளுக்குத் தெரியாது. அவளுக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஜோடியாக வைக்கிற மனுஷனைத்தான் தெரியும். "உங்க அத்தான் மாதிரி பொறுமைசாலி உலகத்துல கிடையாதுடி" என்பாள். பொறுமையாம். எருமைக்கும்தான் இருக்கிறது.

சொந்த ஊரில் அவர் முதலில் கிரிமினல் வக்கீலாகத்தான் போர்டு மாட்டினார். முதல் கட்சிக்காரன் கத்திக்குத்து கேஸ். அவன் இவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தானாம், இவருக்கு மூன்று நாள் காய்ச்சல். அதோடு நிலத் தகராறுக்கு மாறினார். அங்கே இரண்டு கட்சியும் சத்தம் போட்டார்கள். சத்தம் இவருக்கு ஆகாது. கடைசியில் அக்காளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தாள். இவர் அவள் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். இவருடைய அனுமதிச் சீட்டில் 'சார்ந்திருப்பவர்' என்று முத்திரை குத்தித் தந்தார்கள். அரசாங்கம் ஆளைப் பார்க்காமலே எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வீட்டில் சும்மா இருந்த இரண்டு வருஷத்தில் தன்னுடைய படிவங்களைத் தானே நிரப்பிப் பார்த்திருக்கிறார். அதில் ருசி கண்டுவிட்டார். படிவம் முறைத்துப் பார்க்காது, சத்தம் போடாது. இந்த ஊர் வக்கீல் பரீட்சையில் மூன்றாவது முயற்சியில் தேறி, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தார். முன்னறையில் என் மேஜை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு பலகை: 'இந்த அலுவலகத்திலிருந்து சென்ற எந்தக் கோப்பும் திரும்பி வந்ததில்லை.'

அது சத்தியமான வார்த்தை. அனுப்பினால்தானே திரும்பி வருவதற்கு? ஒரு விண்ணப்பம் அவர் மேஜையைத் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். ஓரத்தை இரும்பு ஸ்கேல் வைத்து அளப்பார். கையெழுத்து கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா என்று பார்ப்பார். மிதந்தால் மறுபடி. கட்சிக்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் ஒரே சொல்தான்: "பொறுங்க." ஊரில் அவருக்கு 'பொறுங்க வக்கீல்' என்றே பெயர். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவரிடம் பொறுத்தவர்கள் யாரும் பூமியை ஆண்டதாகத் தெரியவில்லை.

என்னை இங்கே வரவழைத்த விண்ணப்பமும் அவர் போட்டதுதான். நாலு வருஷம் எடுத்தது. விண்ணப்பம் போட்ட புதிதில் என்னைப் பெண் பார்த்து, "இங்கேருந்து கிளம்பற பொண்ணு வேண்டாம்" என்று போனாரே ஒருவர், நான் கிளம்பும் நாளில் அவருக்கு இரண்டு பிள்ளைகள். இதை அத்தானிடம் ஒரு தடவை சொன்னேன். "ஆனா ஃபைல் திரும்பி வரல, பாத்தியா?" என்றார்.

இந்த லட்சணத்தில் தொற்றுநோய் வந்தது. விமானங்கள் நின்றன, எல்லையை மூடினார்கள். திங்கட்கிழமை போட்ட விதியை வியாழக்கிழமை மாற்றினார்கள். மற்ற வக்கீல்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் அத்தான் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உலகம் முழுக்க ஒரே சொல்லைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது அல்லவா, பொறுங்க என்று. நாற்பது வருஷமாக இவர் நடந்த வேகத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அறிவிப்புகளைத் தினமும் அச்செடுத்துத் துளை போட்டுக் கோத்து வைக்கச் சொன்னார். அந்தக் கட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

பயம் மட்டும் போகவில்லை. காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்கேயோ படித்துவிட்டார். மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்து முன்னறையில் வரிசையாக வைத்தார். வெளியிலிருந்து வரும் எந்தத் தாளும், தபாலும், உறையும் அன்றைய தொட்டிக்குள் போக வேண்டும். கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். மூடி, ஒட்டுநாடா ஒட்டி, தேதி எழுத வேண்டும். மூன்று நாள் முழுசாகக் கழிந்த பிறகுதான் திறக்கலாம். நடுவில் திறந்தால் மறுபடி முதலிலிருந்து மூன்று நாள். நான் சிரித்ததற்கு, "எனக்குச் சர்க்கரை இருக்கு, உனக்கென்ன" என்றார்.

தொட்டி வந்ததற்கு உண்மையான காரணம் ஆஸ்பத்திரி அம்மா. எங்கள் கட்சிக்காரர்களில் ஒருத்தி. பெரிய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து, உலர்த்தி, மடிப்பாள். கொதிநீரிலும் மருந்திலும் ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே மங்கிவிட்டது. கைரேகை பதிவு செய்யப் போன இடத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்பதற்காகவே இவர் அவளை மாடி ஏற விட மாட்டார். அவள் கீழே படிக்கட்டு வாசலில் நிற்க வேண்டும், இவர் மேலே நின்று முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவார். கடவுளிடம் வரம் கேட்கிற மாதிரி அவள் அண்ணாந்தபடியே நிற்பாள்.

அவளுக்கு ஒரே மகன். பதினொரு வயதில் அவனைத் தன் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். ஆறு வருஷத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை. எல்லை மூடியிருந்தாலும் ஒரு சின்ன வழி திறந்திருந்தது: இங்கே வேலை பார்ப்பவர்களின் பதினெட்டு நிறையாத பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். விண்ணப்பம் குடியேற்ற அலுவலகப் பெட்டியில் விழுகிற நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. அன்றைக்குப் பதினெட்டு நிறையாதிருந்தால் போதும், பிறகு எத்தனை மாதம் ஆனாலும் அவன் பிள்ளைதான். ஒரு நாள் தாண்டினால் அவன் பெரிய ஆள். பெரிய ஆட்கள் வரிசை ஒன்பது வருஷ நீளம், அதுவும் எல்லை திறந்த பிறகு.

பையனுக்குப் பதினெட்டு நிறைவது ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டியைப் பூட்டுவார்கள். எல்லாக் காகிதமும் தயார். ஒன்றே ஒன்று பாக்கி: மருத்துவப் பரிசோதனைச் சான்று. பையன் இருந்த ஊரில் பரிசோதனை நிலையங்கள் மூடிக் கிடந்தன. ஒரு வாரம் மட்டும் திறந்தபோது பையன் இரண்டு நாள் வரிசையில் நின்று முடித்துவிட்டான். மருத்துவர் முத்திரை வைத்து ஒட்டிய உறை, மேலே 'பிரித்தால் செல்லாது' என்று அச்சடித்திருக்கும். அதை அப்படியே மூலமாகக் கொடுக்க வேண்டும், நகல் ஆகாது. நேராக எங்கள் அலுவலகத்துக்கே கூரியரில் அனுப்பினான்.

அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி அம்மா தினமும் மூன்று தடவை போன் செய்தாள். "வந்துச்சா தங்கச்சி?" "இன்னும் இல்லம்மா." எரிந்து விழுவது என் சுபாவம். ஆனால் அவளிடம் மட்டும் முடியவில்லை.

வியாழக்கிழமை காலை. தபால்காரர், கூரியர்காரர், கண்ணாடிக் கடைக்காரர் யார் வந்தாலும் படிக்கட்டு முனையிலுள்ள கூடையில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கையெழுத்து வாங்கும் வழக்கம்கூட நோயோடு நின்றிருந்தது. நான் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அக்காளிடம் பேசிக்கொண்டிருந்தேன். வேறென்ன பேச்சு, அத்தானுடைய தொட்டியைப் பற்றித்தான். "நாளைக்கு என்னையும் உள்ள போட்டு மூடி தேதி எழுதப் போறாரு பாரு" என்றேன். அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் வாய் நீளும். பேசிக்கொண்டே கூடையிலிருந்ததை இடுக்கியால் கொத்தாக அள்ளித் தொட்டியில் போட்டேன். மூடினேன். தேதி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி அம்மா போன் செய்தாள். குரலில் அவசரம்.

"தங்கச்சி, கூரியர்ல விசாரிச்சேன். நேத்தே உங்க ஆபீஸ்ல சேத்தாச்சுன்னு சொல்றாங்க."

"அவங்க வண்டியில வச்சுக்கிட்டே சேத்தாச்சுன்னு போட்டுருவாங்கம்மா. எத்தனை பாத்திருக்கேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் முந்தின நாள் கூடையைப் பார்க்காமலே அள்ளிப் போட்டது ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, "அத்தான், நேத்தைய தொட்டியை ஒரு தடவை பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "நேத்து தபாலை யாரு போட்டது?"

"நான்தான்."

"பாத்துத்தானே போட்ட? இல்ல, பாக்காமப் போட்டியா?"

கேட்ட விதம் அப்படி. ஒன்பது வருஷமாக அவருடைய ஒவ்வொரு தப்பையும் நான் தேதியோடு சொல்லிக்காட்டி வந்திருக்கிறேன். முதல் தடவையாக என்னிடம் ஒரு தப்பு கிடைக்கப் போகிறது என்று அந்தக் கண்ணில் ஒரு சின்ன மினுக்கு. இந்த ஆளிடமா, பெண்டாட்டி காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இந்த ஆளிடமா நான் தலை குனிவது?

"பாத்துத்தான் போட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன? திறந்தா மறுபடி மூணு நாள். கூரியர்காரனுக்குப் போன் போடு."

சாயங்காலத்துக்குள் கூரியர்காரனுக்கு நாலு தடவை போன் போட்டேன். அவன் சேர்த்தாச்சு என்றான், நான் கத்தினேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து தொட்டி வரைக்கும் போனேன். கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திறந்தால் நான் பொய் சொன்னது வெளியே வந்துவிடும். இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வந்திருந்தால் கனமான உறை, இடுக்கியில் தெரிந்திருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி அம்மா வேலைச் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள். பாதியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தான் மேல்படியில் நின்றார்.

"ஐயா, இருக்கறதை வச்சு இன்னைக்குப் போட்டுடலாமா? அந்த உறை வந்ததும் பின்னால குடுக்கலாம்ல?"

"அரைகுறையா போட்டா திரும்பி வரும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "போன வாரம் வந்த அறிவிப்புல, நோய்க்காலத்துல ஒரு காகிதம் குறைஞ்சா காரணம் எழுதிக் குடுத்தா ஏத்துக்கலாம்னு போட்டிருக்கே அத்தான். நான்தானே துளை போட்டேன்" என்றேன்.

"ஏத்துக்கலாம்னுதான் போட்டிருக்கான். ஏத்துக்குவோம்னு போடல" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். பிறகு படிக்கட்டுக்குக் கீழே பார்த்து, "இதுவரைக்கும் இங்கேருந்து போன ஃபைல் ஒண்ணுகூடத் திரும்பினதில்ல. உங்களுதை முதல் ஆளா ஆக்கச் சொல்றீங்களா? பொறுங்க. நாலு மணி வரைக்கும் பாப்போம்" என்றார்.

அவளும் பொறுத்தாள். வேறு என்ன செய்வாள், அவர் வக்கீல். நாலு மணி வரைக்கும் கண்ணாடிக் கடை வாசலில் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, அந்த வெண்ணெய் என் நாற்காலிக்குப் பின்னால் மூன்று முழத்தில் மூடிக்குள் இருந்தது. அவளை அலையவிட்டது நான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டியைத் திறந்தேன். மேலே கண்ணாடிக் கடையின் விலைப் பட்டியல், ஒரு தண்ணீர்க் கட்டண அறிவிப்பு, அதற்குக் கீழே அந்த உறை. மருத்துவர் முத்திரை கலையாமல் இருந்தது. கூரியர் சீட்டில் வியாழக்கிழமைத் தேதி. கண்ணாடிக் கதவைத் திறந்து அதை அவர் மேஜையில் வைத்தேன். கையால்தான் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மினுக்கு எதுவும் இல்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு மூலையிலிருந்து கூரியர் சீட்டை மெதுவாக, கிழியாமல், எல்லா வேலையையும் செய்கிற அதே சுத்தத்தோடு உரித்து எடுத்தார். எங்கள் அலுவலகத்தின் 'பெறப்பட்டது' முத்திரையை எடுத்துத் தேதிச் சக்கரத்தைத் திங்கட்கிழமைக்குத் திருப்பி, சீட்டு இருந்த இடத்தில் ஓங்கிக் குத்தினார். அவர் ஒரு காரியத்தை ஒரே நிமிஷத்தில் செய்து முடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றார். "அந்தம்மா வந்தா நீயே குடுத்துடு."

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாரே என்று அக்காள் இன்றைக்கும் சொல்கிறாள். பலகையைக் காப்பாற்றினார். நான் அதன் கீழே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். கோப்பு போகவே இல்லை, அதனால் திரும்பியும் வரவில்லை. கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். அவர் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் படி இறங்கிப் போனேன். அத்தனை மாதத்தில் அவள் பக்கத்தில் நான் போய் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் உறையைப் பார்த்தாள், முத்திரையின் தேதியைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சு தங்கச்சி?"

"இன்னைக்குத்தான்மா."

என் வாய்தான் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை இவ்வளவு சுலபமாக எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. அவள் சரியென்று தலையாட்டினாள்.

"கூரியர்காரன் பண்ண வேலை. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, சேத்தாச்சுன்னு பொய்யா போட்டுருவாங்கன்னு. உங்களைச் சொல்லி என்ன? நீங்களும் எத்தனை தடவை போன் போட்டு அவனைத் திட்டினீங்க. கீழ வரைக்கும் கேட்டுச்சு."

மேலே அவர் போனில் யாருக்கோ பொறுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உறையைத் தடவினாள். "இனிமே இது எதுக்கும் ஆகாதுல்ல? பிரிக்கலாமா?" என்றாள்.

"பிரிக்கலாம்மா."

ரேகை மங்கிய விரல்களுக்கு முத்திரையைப் பிடித்து இழுக்க வரவில்லை. நான்தான் பிரித்துக் கொடுத்தேன். உள்ளே ஒரே ஒரு தாள். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரத்தம் நலம், நெஞ்சு நலம், பார்வை நலம். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"உயரம் நூத்தி எழுபத்தெட்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. அது எவ்வளவு தங்கச்சி? நான் வரும்போது என் தோளுக்குக்கூட வரல. போன்ல முகம் மட்டுந்தானே தெரியுது."

அலுவலகத்தில் ஸ்கேல் இருக்கிறது, அளந்து சொல்லலாம். மேலே போக எனக்குக் கால் வரவில்லை. படிக்கட்டுச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைத் தூக்கி உத்தேசமாக வைத்துக் காட்டினேன். அவள் ஓரடி பின்னால் போய் நின்று, என் உள்ளங்கைக்குக் கீழே சுவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள்.

"அவ்வளவா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.